‘ஏ’ சான்றிதழ்: பார்ப்பவர் வயதும் நடிப்பவர் சம்மதமும்

ஊர் விழா மலர் என்றால் கோயில் வரலாறு, பள்ளிக்கூட வரலாறு, சர்க்கரை ஆலை வரலாறு எழுதுவதுதான் வழக்கம். சினிமாத் தணிக்கை வாரியத்தின் வரலாறு இந்த மலரில் எதற்கு, அதிலும் வயது வந்தோருக்கான படங்களைப் பற்றி எதற்கு என்று பெரியவர்கள் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். விழுப்புரம் சாலையோரச் சுவர்களில் ஒட்டிய போஸ்டர்களின் மூலையில் இருந்த அந்த ஒற்றை எழுத்தை நம்மில் பார்க்காதவர் இல்லை. அரியூரில் பஸ் ஏறி வில்லியனூர் வழியாகப் பாண்டிக்குப் போய் ரத்னாவிலும் ராமனிலும் ஆனந்தாவிலும் படம் பார்த்த மூன்று தலைமுறைக்கு, எதைப் பார்க்கலாம், எந்த வயதில் பார்க்கலாம் என்று முடிவு செய்த நிறுவனம் அது. நம் ஊர் வாழ்க்கையில் இவ்வளவு இடம் பிடித்த ஒரு நிறுவனத்தின் கதையை ஊர் மலர் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

கதை 1918இல் தொடங்குகிறது. வெள்ளைக்காரர் அரசு அந்த ஆண்டு சினிமாட்டோகிராப் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1920இல் சென்னை, பம்பாய், கல்கத்தா, ரங்கூன் நகரங்களில் தணிக்கை வாரியங்கள் அமைந்தன. சென்னையில் வாரியத்தின் தலைமை போலீஸ் கமிஷனரிடம் இருந்தது. படம் பார்ப்பது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை என்று அரசு நினைத்ததற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பாண்டிச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரர் கையில். இந்தியப் பக்கத்துக் கண்டமங்கலத்துக்கு ஓர் ஆட்சி, பிரெஞ்சுப் பக்கத்து அரியூருக்கு வேறோர் ஆட்சி என்ற நிலைமை 1954 நவம்பர் 1 வரை நீடித்தது.

அமெரிக்கப் படங்களில் வெள்ளைக்காரப் பெண்கள் அரைகுறை உடையில் வருவதை இந்தியர்கள் பார்த்தால் ஆட்சியின் மரியாதை என்னாவது என்பதுதான் அன்றைய அதிகாரிகளின் பெரிய கவலை. அதை விசாரிக்க 1927இல் ஒரு குழு போட்டார்கள். தலைவராக அமர்ந்தவர் நம் சென்னை வழக்கறிஞர் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். குழு நாடு முழுக்கச் சுற்றி 353 பேரிடம் நேரில் சாட்சியம் கேட்டது. சினிமாவால் ஒழுக்கம் கெட்டுப்போகிறது என்று எழுதி வாங்குவதற்காக அமைத்த குழு, அப்படியொன்றும் பெரிய கேடு நிகழ்ந்துவிடவில்லை என்றும், இந்தியப் படத்தொழிலுக்கு அரசு கைகொடுக்க வேண்டும் என்றும் 1928இல் அறிக்கை கொடுத்தது. அரசு அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டது. பயத்தை வைத்துச் சட்டம் செய்யாதே, விசாரித்துச் செய் என்று சொன்ன அந்தத் தமிழரின் பெயர் இன்று சினிமாக்காரர்களுக்கே அதிகம் தெரியாது. எனக்கு இது பெரிய மனக்குறை.

அந்த நாளில் கத்திரிக்கோல் அதிகம் பாய்ந்தது அரசியல் மீதுதான். கே. சுப்ரமணியத்தின் ‘தியாக பூமி’ 1939இல் வெளியாகி நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே அதற்குத் தடை வந்தது. வயதைப் பார்த்துப் படத்தைப் பிரிக்கலாம் என்ற எண்ணமே சுதந்திரத்துக்குப் பிறகுதான் சட்டமானது. 1949இல் சட்டத்தைத் திருத்தி, எல்லோரும் பார்க்கத்தக்க படத்துக்கு ‘யு’, 18 வயது நிறைந்தவர் மட்டும் பார்க்க ‘ஏ’ என்று இரண்டு வகை செய்தார்கள். 1951 ஜனவரியில் மாகாண வாரியங்கள் போய் மத்திய வாரியம் வந்தது. அடுத்த ஆண்டு வந்த 1952ஆம் வருடச் சட்டம்தான் திருத்தங்களோடு இன்றுவரை நடக்கிறது.

தமிழில் முதன்முதலில் ‘ஏ’ வாங்கிய படம் எது என்று கேட்டால் இளைஞர்கள் எதையெதையோ சொல்வார்கள். எம்.ஜி.ஆர். நடித்த ‘மர்மயோகி’, 1951. ஜுபிடர் பிக்சர்ஸ் தயாரிப்பு, கே. ராம்நாத் இயக்கம். ‘ஏ’ கொடுத்ததற்குக் காரணம் படத்தில் வரும் பேய் உருவம். குழந்தைகள் இரவில் பயந்து அலறுவார்கள் என்று வாரியம் நினைத்தது. அந்த எழுத்துக்கு இருந்த வேலை அவ்வளவுதான்: குழந்தை ஒரு பக்கம், பெரியவர் ஒரு பக்கம். அதற்கு அசிங்கம் என்ற பொருளைப் பிற்பாடு ஏற்றியவர்கள் போஸ்டர் அடித்தவர்களும் நாமும்.

இந்த ஏற்பாடு சரியா என்பதை உச்ச நீதிமன்றம் 1970இல் தீர்த்து வைத்தது. கே.ஏ. அப்பாஸ் நான்கு நகரங்களைப் பற்றி எடுத்த குறும்படத்தில் பம்பாயின் சிவப்பு விளக்குப் பகுதி வருகிறது. வாரியம் ‘ஏ’ என்றது. அப்பாஸ் விடாமல் வழக்குப் போட்டார். வழக்கு நடக்கும்போதே அரசு இறங்கிவந்து ‘யு’ கொடுத்துவிட்டது. ஆனாலும் தலைமை நீதிபதி இதாயத்துல்லா தலைமையிலான அமர்வு, முன்கூட்டியே தணிக்கை செய்வது செல்லும், வயதுவாரியாகப் பிரிப்பதும் செல்லும், ஆனால் அதற்குத் தெளிவான வழிகாட்டு நெறிகள் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதற்கு முந்தைய ஆண்டே நீதிபதி ஜி.டி. கோஸ்லா குழு, கதைக்குத் தேவையென்றால் முத்தக் காட்சியையும் ஆடையற்ற காட்சியையும் அனுமதிக்கலாம் என்று சொல்லியிருந்தது. 1983இல் வாரியத்தின் பெயரே மாறியது. ‘தணிக்கை’ போய் ‘சான்றிதழ்’ வந்தது. ‘யுஏ’, ‘எஸ்’ என்று மேலும் இரண்டு வகைகள் சேர்ந்தன. தமிழ்ப் படங்களுக்கு நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் உள்ள மண்டல அலுவலகம்தான் சான்றிதழ் தருகிறது. கொட்டகைக்கு லைசென்ஸ் கொடுப்பது மட்டும் அந்தந்த மாவட்ட நிர்வாகத்தின் வேலை.

இதே காலத்தில் உலகம் வேறு வேறு வழிகளில் போனது. டென்மார்க் 1969இல் அப்பட்டமான பாலியல் படங்கள் மீதிருந்த தடையை அடியோடு நீக்கியது. முதன்முதலில் அப்படிச் செய்த நாடு அதுதான். பிரிட்டன் 1982இல் இவ்வகைப் படங்களுக்கென்றே தனிச் சான்றிதழ் கொடுத்து, லைசென்ஸ் பெற்ற தனி இடங்களுக்குள் அவற்றை நிறுத்தியது. நம்மை ஆண்ட பிரான்ஸ் தேர்ந்தெடுத்த வழி எனக்குச் சுவாரசியமாகத் தோன்றுகிறது. 1975 டிசம்பரில் வந்த சட்டப்படி இப்படங்களுக்குத் தடை கிடையாது. தனித் திரையரங்கு, கூடுதல் வரி, அரசு மானியம் கிடையாது. சட்டம் வந்த சில ஆண்டுகளில் அந்தத் திரையரங்குகள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கின. இந்தியா இதில் எதையும் பின்பற்றவில்லை. இங்கே அப்படிப்பட்ட படத்தைத் தயாரிப்பதும் விற்பதும் குற்றம். ‘ஏ’ சான்றிதழ் அந்த எல்லைக்கு இப்பால் நிற்கும் படங்களுக்கு மட்டும்.

காகிதத்தில் எல்லாம் சரி. கொட்டகையில் என்ன நடந்தது?

சட்டத்தின் 7ஆவது பிரிவு, ‘ஏ’ படத்தை 18 வயது நிறையாதவருக்குக் காட்டினால் தண்டனை என்கிறது.  மீசை முளைக்காத பையன் கவுண்டரில் கை நீட்டினால் டிக்கெட் கிழிப்பவர்தான் தடுக்க வேண்டும். நூறு ஆண்டுச் சட்டமும் கடைசியில் வந்து நிற்பது அந்த ஒரு மனிதரிடம். திருப்பி அனுப்பிய டிக்கெட் கிழிப்பவர்கள் இருந்தார்கள். பையனின் அப்பா பெயரைச் சொல்லி விரட்டியவர்களும் இருந்தார்கள். வசூல் குறைந்த வாரங்களில் கண்ணை மூடிக்கொண்ட முதலாளிகளும் இருந்தார்கள்.

அதைவிடப் பெரிய ஓட்டை மேலே ஆப்பரேட்டர் அறையில் இருந்தது. அதன் கதை ஒரு மலையாளப் படத்திலிருந்து தொடங்குகிறது. 1978இல் ஐ.வி. சசியின் ‘அவளுடே ராவுகள்’ வந்தது. பாலியல் தொழிலில் தள்ளப்பட்ட ஒரு பெண்ணின் கதை. நல்ல படம், ‘ஏ’ சான்றிதழ். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் அது ஓடிய விதத்தில் ‘மலையாளப் படம்’ என்றாலே ஒரு தினுசு என்று ஆகிவிட்டது. இயக்குநர்கள் அடூரும் அரவிந்தனும் படமெடுத்த மொழிக்கு நாம் செய்த அநியாயம் அது. பிறகு காலைக் காட்சிகள் வந்தன. அவற்றோடு ‘பிட்டு’ வந்தது.

இது எப்படி நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைய பிள்ளைகள் பிலிம் பெட்டியைக் கண்டதில்லை. 35 எம்.எம். பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். இரண்டாயிரம் அடி ரீல் இருபத்திரண்டு நிமிடம். சான்றிதழில் படத்தின் நீளமும் ரீல் எண்ணிக்கையும் எழுதியிருக்கும். வெட்டியவை எவை என்று பின்னிணைப்பு இருக்கும். ஆப்பரேட்டர் இடைவேளைக்குப் பிறகு வரும் ஒரு ரீலைச் சுற்றுமேசையில் போட்டு, பிலிமை நறுக்கி, முனையை பிளேடால் சுரண்டி, சிமென்ட் தடவி, எங்கிருந்தோ வந்த 200 அடித் துண்டை நடுவில் ஒட்டுவார். இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். கதைக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. நடிகை வேறு, இடம் வேறு, நிறம்கூட வேறு. சோதனை போட ஸ்குவாட் வருகிறது என்று தகவல் வந்தால் இரண்டு இடத்தில் வெட்டி எடுத்து டப்பாவில் போட்டுவிடுவார். அப்புறம் அளந்து பார்த்தால் நீளம் சான்றிதழில் உள்ளபடியே இருக்கும். 1984இல் திருத்திய சட்டப்படி இதற்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அந்தத் திருத்தம் வந்தபோது வீடியோ டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் பார்க்கும் பழக்கம் கிராமத்துக்குள் வந்துவிட்டது. அங்கே டிக்கெட் கிழிப்பவரும் இல்லை.

பிட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் பார்த்தவர்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பையன்கள் கெட்டார்கள், குடும்பங்கள் படத்துக்கு வருவதை நிறுத்தின, கொட்டகையின் பெயர் கெட்டது. எல்லாம் உண்மை. அந்த 200 அடித் துண்டில் இருந்த பெண் யார்? எந்த ஊர்? அவளுக்கு என்ன சொல்லிக் கூட்டிவந்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள்? தான் நடித்தது எந்தப் படத்தில், எந்த ஊரில், எந்த இடைவேளைக்குப் பிறகு ஒட்டப்பட்டது என்று அவளுக்குத் தெரியுமா? இந்தக் கேள்விகளை எந்தச் சட்டப் பிரிவும் கேட்கவில்லை. வழக்குப் போட்டால் பிலிம் பறிமுதலாகும், ஆப்பரேட்டர் உள்ளே போவார், பெண் எங்கும் வரமாட்டாள்.

தணிக்கை வாரியத்தின் வரலாற்றைப் படிக்கப் படிக்க என்னை உறுத்துவது இதுதான். 1991 டிசம்பரில் வெளியான வழிகாட்டு நெறிகள் பெண்களை இழிவுபடுத்தும் காட்சி கூடாது என்கின்றன. இரட்டை அர்த்த வசனம் கூடாது என்கின்றன. சான்றிதழ் வழங்கும் குழுவில் பெண்கள் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நல்லவைதான். ஆனால் அவை திரையில் தெரியும் பெண்ணைப் பற்றியவை. படத்தில் ஒரு காளை மாடு வந்தால் அதைத் துன்புறுத்தவில்லை என்று விலங்குகள் நல வாரியத்தின் கடிதம் வாங்கி வைக்க வேண்டும். 2001இல் வந்த விதிகளுக்குப் பிறகு அது இல்லாமல் சான்றிதழ் கிடைப்பது பெரும்பாடு. மாட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கட்டாயம் வேண்டும். நெருக்கமான காட்சியில் நடித்த பெண்ணிடம் முன்கூட்டிச் சொன்னார்களா, அவள் சம்மதித்தாளா என்று அதே மேசையில் ஒரு கடிதம் ஏன் கேட்கக் கூடாது?

சில்க் ஸ்மிதாவை நினைத்துக்கொள்கிறேன். 1960இல் ஆந்திரத்தில் பிறந்து, ‘வண்டிச்சக்கர’த்தில் பெயர் வாங்கி, ‘மூன்றாம் பிறை’யில் தனக்கு நடிக்கவும் வரும் என்று காட்டியவர். அவர் ஒரு பாட்டுக்கு வந்தால் பெட்டி விற்கும் என்று தயாரிப்பாளர்கள் வரிசையில் நின்றார்கள். 1996 செப்டம்பர் 23 அன்று சென்னையில் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 35. ஷகீலா, 2000இல் வந்த ‘கின்னாரத்தும்பிகள்’ மூலம் கேரளத்தின் நட்சத்திரங்களுக்கே போட்டியான வசூலைக் காட்டியவர். தன் படங்களில் தனக்குப் பதில் டூப் வைத்து எடுத்த காட்சிகள் உண்டு என்று அவரே பேட்டிகளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். முகம் ஒருவருடையது, உடல் இன்னொருவருடையது, காசு மூன்றாமவருடையது. இந்த இரண்டு பெண்களையும் போஸ்டரில் பார்த்து விசிலடித்த ஊர் நம் ஊரும்தான். அவர்கள் மீது ஊர் காட்டிய ஏளனத்தில் கால் பங்கைக்கூட அந்தப் படங்களை விற்றவர்கள் மீது காட்டவில்லை.

நடிப்பவர் பக்கம் சட்டம் திரும்பிய சில சந்தர்ப்பங்கள் உண்டு. அமெரிக்காவில் 18 வயது நிறையாத ஒரு பெண்ணை வைத்துப் பல படங்கள் எடுத்து விற்றது 1986இல் அம்பலமானது. இரண்டு ஆண்டு கழித்து, இவ்வகைப் படம் எடுக்கும் ஒவ்வொரு நிறுவனமும் நடிப்பவரின் அடையாளத்துக்கும் வயதுக்கும் ஆதாரம் வாங்கிக் கோப்பில் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது.

நம் நாட்டில், சினிமாவுக்கு வெளியே, மகாராஷ்டிரக் கதை இருக்கிறது. 2005இல் அம்மாநில அரசு டான்ஸ் பார்களைத் தடை செய்தது. மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் உள்ள ஓட்டல்களுக்கு மட்டும் விலக்கு. சுமார் 75,000 பெண்கள் வேலையிழந்ததாக வழக்கில் சொல்லப்பட்டது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2006இல் தடையை நீக்கியது. உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் அதை உறுதி செய்தது. பெண்களின் மானம் காக்க என்று சொல்லிப் போட்ட தடை, அவர்களில் பலரைப் பாலியல் தொழிலுக்குத் தள்ளியதை நீதிமன்றம் கவனித்தது. அரசு மறுபடி மறுபடி சட்டம் போட்டது. 2019 ஜனவரியில் வந்த தீர்ப்பு, ஆடும் இடத்தில் கேமரா வைப்பது அந்தரங்க உரிமைக்கு எதிரானது என்று நீக்கியது; ஆடுபவர்கள் மேல் பணத்தை வாரியிறைக்கக் கூடாது என்றது; எழுத்துப்பூர்வ ஒப்பந்தமும் வங்கிக் கணக்கில் சம்பளமும் வேண்டும் என்ற நிபந்தனையை ஏற்றது. என்னைக் கேட்டால், ஒழுக்கம் பற்றிய நூறு பக்கப் பிரசங்கத்தைவிட அந்த வங்கிக் கணக்கு பெரிது.

கேரளத்தில் மலையாள சினிமாவில் பெண்களின் நிலையை விசாரிக்க நீதிபதி ஹேமா குழு 2017இல் அமைந்தது. 2019 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. 2024 ஆகஸ்டில்தான் அது வெளியே வந்தது. ஒத்துக்கொள்ளாத காட்சிக்குக் கட்டாயப்படுத்துவது, துணி மாற்ற இடமில்லாதது, கழிப்பறை இல்லாதது எல்லாம் அதில் பதிவாகியிருக்கின்றன. மலையாளத்தில் விசாரித்தார்கள், தெரிந்தது. மற்ற மொழிகளில் இந்த அளவுக்கு எதுவும் வெளியே வரவில்லை.

இப்போது கொட்டகையும் இல்லை, டிக்கெட் கிழிப்பவரும் இல்லை, கைப்பேசி இருக்கிறது. 2015 ஜூலை கடைசியில் மத்திய அரசு 857 ஆபாச இணையதளங்களை முடக்கச் சொல்லி, சில நாளிலேயே பெருமளவு பின்வாங்கியது. 2018இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 827 தளங்கள் முடக்கப்பட்டன. மத்திய அரசின் 2021 விதிகள் ஓடிடி தளங்களும் வயதுவாரியாகப் பிரிக்க வேண்டும், ‘ஏ’ படைப்புகளுக்கு வயதை உறுதிசெய்ய வேண்டும் என்றன. சினிமாட்டோகிராப் சட்டத்தின் 2023ஆம் வருடத் திருத்தம் ‘யுஏ’வை 7, 13, 16 என்று மூன்றாகப் பிரித்தது. 2024 மார்ச்சில் 18, 2025 ஜூலையில் 25 என்று ஓடிடி தளங்கள் முடக்கப்பட்டன. பிரிட்டன் 2025 ஜூலை முதல் வயதைச் சரிபார்க்காமல் உள்ளே விடக்கூடாது என்று தளங்களைக் கட்டாயப்படுத்துகிறது. வாசலில் ஆள் நிறுத்தும் அதே பழைய வேலைதான். ஆளுக்குப் பதில் மென்பொருள். அது தேவை என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை கையில் கைப்பேசி இருக்கும் வீட்டில் வாசல் இல்லாமல் இருக்க முடியாது.

ஆனால் திரையில் இருப்பவரைப் பற்றி யோசித்த தீர்ப்பு ஒன்று சென்னை வழக்கிலிருந்து வந்திருக்கிறது. குழந்தைகளை வைத்து எடுத்த ஆபாசப் படத்தைத் தன் கைப்பேசியில் வைத்திருந்த இளைஞர் மீதான வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் ரத்து செய்தது. யாருக்கும் அனுப்பவில்லை, தனியாகப் பார்த்தார், அவ்வளவுதானே என்றது வாதம். அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. அப்படிப்பட்ட படம் ஒவ்வொன்றும் ஒரு குழந்தைக்கு இழைத்த கொடுமையின் பதிவு. தெரிந்தே வைத்திருப்பதும் பார்ப்பதும் சட்டப்படி குற்றமாகும் என்றது. பார்ப்பவரிடமிருந்து தொடங்காமல் படத்தில் சிக்கிய பிள்ளையிடமிருந்து தொடங்கிய தீர்ப்பு அது.

நம் பக்கத்து ஊர்களில் திருவிழா என்றால் ஆடல் பாடல் நிகழ்ச்சி இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுகளில் வழக்கமாகக் காணும் நிபந்தனைகளை விழாக் கமிட்டிக்காரர்கள் அறிவார்கள்: ஆபாச நடனம் கூடாது, இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது, சாதி, கட்சி பேனர் கூடாது, குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி என்பது நாட்டுக்கே பொது விதி. இவற்றைக் கடைப்பிடிக்க வேண்டியதுதான். ஆனால் மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வேனில் வந்து இறங்கும் பெண்கள் தார்ப்பாய் மறைப்பில் உடை மாற்றுகிறார்கள். ஒருத்தி மாற்றும்போது இன்னொருத்தி சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சந்து வழியாக எட்டிப் பார்க்கும் பையன்களை விரட்ட ஆள் இல்லை. பேசிய பணத்தில் பாதி ஏஜென்ட்டிடம், மீதி நிகழ்ச்சி முடிந்த பிறகு. மேடையேறி ரூபாய் நோட்டைக் குத்த வருகிறவரைக் கமிட்டித் தலைவரே சிரித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார்.

போலீஸ் அனுமதிக்கு விண்ணப்பம் எழுதும்போதே இன்னும் நான்கு வரிகளைக் கமிட்டி சேர்த்து எழுதட்டும். உடை மாற்றப் பள்ளிக்கூடத்தில் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, அதன் வாசலில் ஊர்ப் பெண்கள் இருவர். ஆடுபவர் ஒவ்வொருவரின் வயதுச் சான்று, நகல் கமிட்டியிடம். பணம் மேடையேறும் முன்பே அவரவர் கையிலோ கணக்கிலோ. நிகழ்ச்சி முடிந்ததும் வேன் கிளம்பி மெயின் ரோடு சேரும் வரை கூடப் போக நம் ஆட்கள் நான்கு பேர். இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. ஒரு சீரியல் செட் பந்தலைக் குறைத்தால் போதும்.